மினுங்கும் ராக்கெட் பாகங்களைக் கண்காணிக்க 7×50 பைனாகுலரும் ஸ்டாப்வாட்ச்சும்: பல்லாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

செயலிழந்த செயற்கைக்கோள்களும், பணி முடிந்தபின் வானிலேயே தங்கிவிட்ட ராக்கெட்டின் மேலடுக்குகளும் உருண்டபடி செல்லும்போது சூரிய ஒளியை விட்டுவிட்டுப் பிரதிபலிக்கின்றன. அந்த மினுக்கத்தின் கால இடைவெளியை அளக்கப் பல ஆண்டுகளாக நான் நம்பியிருப்பவை ஒரு 7×50 பைனாகுலரும் (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லை), இடைநேரங்களைச் சேமித்துவைக்கும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் மட்டுமே.

பைனாகுலரில் உருப்பெருக்கத்தைவிடப் பார்வைப்புலத்தின் அகலமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ 840 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, தலைக்கு மேல் வரும்போது நொடிக்குச் சுமார் அரை டிகிரி நகர்கிறது. இரு மினுக்கங்களுக்கு நடுவே முற்றிலும் மறைந்துவிடும் பொருளாக இருந்தால், அது அடுத்து ஒளிரப்போகும் இடமும் பார்வைக்குள் அடங்கியிருக்க வேண்டும். 7 டிகிரி அகலம் அதற்குப் போதுமானது. 10×50 மங்கலான பொருள்களைச் சற்று எளிதாகக் காட்டினாலும், கைநடுக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. முக்காலி இடைஞ்சல்தான், சாய்வு நாற்காலி இருந்தால் கழுத்து பிழைக்கும்.

ஸ்டாப்வாட்ச்சை முதல் மினுக்கத்தில் பூஜ்யம் என்று எண்ணி அழுத்த வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் இடைவெளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். இருபதாவது மினுக்கத்தில் நிறுத்தி, கிடைத்த நேரத்தை இருபதால் வகுத்தால், விரலின் தாமதம் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பெருமளவு கழிந்துவிடுகிறது. நீள் உருளை ஒன்று தலைகீழாகப் புரளும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை ஒளிரக்கூடும் என்பதால், பிரகாசமான மினுக்கமும் மங்கலான மினுக்கமும் மாறிமாறி வருகின்றனவா என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்வது அவசியம். பொருள் நம்மைக் கடந்து செல்லும்போது பார்வைக் கோணமும் மாறுவதால், ஒரே கடப்பிற்குள்ளேயே இடைவெளி சிறிது கூடியோ குறைந்தோ தெரிவது இயல்பு.

இந்த எளிய அளவீட்டின் பயன், ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் தெரியவரும். புவியின் காந்தப்புலம் ராக்கெட்டின் உலோக உடலில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுவதால் சுழற்சி மெல்லத் தளர்ந்து இடைவெளி நீள்கிறது. மிச்ச எரிபொருள் கசிந்தாலோ அந்த இடைவெளி திடீரெனக் குறையக்கூடும். 2006இல் பணி முடிந்த, கடல்மட்டத்தை அளந்த டோபெக்ஸ்/போஸைடன் செயற்கைக்கோளோ சூரிய ஒளியின் அழுத்தத்தால் வேகம் கூடிச் சுழலத் தொடங்கியது.

வேகமான மினுக்கங்களில்தான் இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. 1986இல் ஏவப்பட்ட ஜப்பானின் அஜிசாய் செயற்கைக்கோள், 318 கண்ணாடிகளைச் சுமந்து சுழல்வதால் அடுத்தடுத்து மின்னும். பைனாகுலரில் அது கண்ணுக்கு விருந்து, ஆனால் விரலால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதை அளக்க வீடியோ கேமராதான் வேண்டும், அந்தச் செலவில் நான் இன்னும் இறங்கவில்லை.