என்.எல்.ஆரா, பி.டி.எல்.1-ஆ?

பரவிவிட்ட, சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைக் கொண்டு புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை) பேச்சு வந்தால், "ரத்த ரிப்போர்ட் போதாதா, பி.டி.எல்.1 டெஸ்ட் வேறு எதற்கு?" என்ற கேள்வியும் வரும். ரத்த ரிப்போர்ட்டில் கிடைப்பது என்.எல்.ஆர்.: நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களின் விகிதம். பி.டி.எல்.1 என்பது புற்றுநோய்ச் செல்களில் காணப்படும் ஒரு புரதம்; எத்தனை சதவீதச் செல்களில் அது இருக்கிறது என்று அந்த டெஸ்ட் சொல்லும்.

செலவு: என்.எல்.ஆருக்குத் தனிச் செலவே இல்லை. சிபிசியில் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) நியூட்ரோஃபில் 6000, லிம்போசைட் 1200 என்றிருந்தால் வகுத்துப் பாருங்கள், 5. பி.டி.எல்.1-க்கு பயாப்ஸி திசு வேண்டும், செலவும் கூடுதல்.

நம்பகம்: இங்கேதான் கவனம் வேண்டும். காய்ச்சல் வந்தாலும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டாலும் என்.எல்.ஆர். ஏறிவிடும். அந்த எண்ணைப் பார்த்துக் கலங்கிப்போகாதீர்கள். பி.டி.எல்.1 அப்படி ஆடாது. ஆனால் கட்டியின் ஒரு துணுக்கை மட்டுமே காட்டும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்க பி.டி.எல்.1தான். 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களில் மாற்றங்கள் இல்லாவிட்டால், கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் தர வழியுண்டு. என்.எல்.ஆர். நோயின் போக்கைக் கவனிக்க உதவும். அது கூடுதல் என்பதற்காக மட்டும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.