குடியேறுவதா, விழுங்குவதா, உருட்டுவதா?

எப்போதாவது கேம் ஆடுகிறவர் ஒருவர், "பார்க்க அழகா, கொஞ்சம் கிறுக்குத்தனமா ஒரு ஜப்பான் கேம் சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பெயர்கள் மூன்று: அனிமல் கிராஸிங், கிர்பி, கட்டமாரி டமாசி. அட்டைப் படத்தைப் பார்த்தால் மூன்றும் ஒரே இனம்போலத் தோன்றும். ஆடிப் பார்த்தால் மூன்றிலும் அந்த அழகு செய்கிற வேலை வேறு வேறு. ஒன்றில் காத்திருக்க வைக்கிறது, இன்னொன்றில் பயத்தைப் போக்குகிறது, மூன்றாவதில் ஆட்டமே அதுதான். எதை வாங்குவது என்பது இதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' 2020 மார்ச்சில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது. ஒரு தீவில் குடியேறி, மீன் பிடித்து, வீட்டுக் கடனை அடைத்து, விலங்கு அக்கம்பக்கத்தாரோடு பழக வேண்டும். தீவின் கடிகாரமும் உங்கள் வீட்டுக் கடிகாரமும் ஒன்றே. இரவு 11 மணிக்கு வேலை முடித்து வந்து ஆடினால் கடை மூடியிருக்கும். அது காலை 8 முதல் இரவு 10 வரைதான். விற்க வேண்டியதை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரலாம், ஆனால் விலையில் 80 சதவீதமே கிடைக்கும். டர்னிப் கிழங்கு ஞாயிறு காலை மட்டும் விற்பனைக்கு வரும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். கன்சோலின் தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றப் பார்த்தாலும் அழுகிவிடும்.

புதியவர்கள் முதல் வாரத்திலேயே சலித்துப்போகிற இடம் இரும்பு. கடை கட்ட மூன்று வகை மரத்தில் 30, 30 துண்டுகளும் இரும்பு 30 துண்டும் வேண்டும். மரம் தாராளமாகக் கிடைக்கும், இரும்பு கிடைக்காது. பாறையை மண்வெட்டியாலோ கோடாலியாலோ அடித்தால்தான் வரும். ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் பின்னுக்குத் தள்ளப்படுவீர்கள், அதற்குள் நேரம் முடிந்துவிடும். பாறையைப் பார்த்து நின்றபடி உங்கள் முதுகுப் பக்கம் இரண்டு குழி தோண்டி வைத்தால் பின்வாங்க இடம் இருக்காது. ஒரு பாறையில் எட்டு முறையும் அடித்துவிடலாம். அதற்கு முன் பழம் சாப்பிட்டுவிடாதீர்கள், முதல் அடியிலேயே பாறை உடைந்துபோகும். ஆரம்பத்தில் காசுக்கு ஆசைப்பட்டு இரும்பை விற்பதுதான் பெரிய தவறு.

இந்தக் காத்திருப்பைத் தாங்க வைப்பது அந்த விலங்குகளின் அழகுதான். தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு இது வருஷக்கணக்கில் ஓடும். வாரத்துக்கு ஒரு தடவை தொடுகிறவருக்குத் தீவு முழுக்கக் களை மண்டிக் கிடக்கும்.

ஒன்றை மட்டும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கன்சோலுக்கு ஒரே தீவு. முதலில் தொடங்குகிறவர்தான் கதையை நகர்த்த முடியும். அக்கா ஆரம்பித்த தீவில் தம்பி குடியிருக்கலாம். பாலம் எங்கே, கடை எங்கே என்று முடிவு செய்கிற உரிமை அவனுக்கு இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டை உறுதி. தவிர, இதில் படிக்க ஏராளமான உரையாடல் உண்டு, தமிழில் கிடையாது. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராத சிறுவர்களுக்கு அதன் பாதி ருசி போய்விடும்.

அந்த வீட்டுக்குக் கிர்பி பொருத்தம். கிர்பியை 1992-இல் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு மசாஹிரோ சகுராய் வடிவமைத்ததே, ஆடிப் பழகாதவர்களும் முடிக்கக்கூடிய ஆட்டம் ஒன்று வேண்டும் என்றுதான். அந்த எண்ணம் 2022-இல் வந்த 'கிர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்ட்' வரை மாறவில்லை. உருண்டையான இளஞ்சிவப்புக் குட்டி ஒரு காரை வாயில் கவ்விக்கொண்டு ஓடும். குளிர்பான எந்திரத்தை விழுங்கி டின்களைத் துப்பும். போக்குவரத்துக் கூம்பைக் கவ்வி, தலைகீழாகக் குத்தித் தரையின் விரிசலைப் பிளக்கும். இவ்வளவையும் விளக்க ஒரு சொல் தேவையில்லை.

தொடங்கும்போது ஸ்பிரிங் பிரீஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். உயிர்ப்பட்டை நீளமாக இருக்கும். இரண்டாம் ஆட்டக்காரர் ஈட்டியோடு வருகிற பந்தானா வாடில் டீ. அவரால் காரையும் கவ்வ முடியாது, எதிரிகளின் சக்தியையும் வாங்க முடியாது. கேமராவும் கிர்பியின் பின்னால்தான் போகும். அதனால் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரை மாற்றிக்கொள்வது நல்லது. ஒளிந்திருக்கும், மீட்க வேண்டிய வாடில் டீக்களை முதல் தடவையிலேயே எல்லாம் தேட வேண்டாம். கட்டத்தை முடிக்கும்போது, தெரியாத பணிகளில் ஒன்றை ஆட்டமே காட்டிக்கொடுக்கும்.

தனியாக, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆடிவிட்டு எழுந்து போகிறவருக்கு இந்த இரண்டையும்விட மேல் என்று தயங்காமல் சொல்லக்கூடியது கட்டமாரி டமாசி. கெய்ட்டா தகாஹாஷி இயக்கத்தில் நாம்கோ 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்டது. 2018-இல் 'ரீரோல்' என்று ஸ்விட்சுக்கும் கணினிக்கும் வந்தது. மற்ற இரண்டுக்கும் நின்டெண்டோ கருவி வேண்டும். இதற்கு ஒரு கணினியும் இரட்டை ஸ்டிக் உள்ள கன்ட்ரோலரும் போதும். விசைப்பலகையில் ஆடிப் பார்த்து வெறுத்துப்போகாதீர்கள்.

பிரபஞ்சத்தின் ராஜா குடிபோதையில் நட்சத்திரங்களையெல்லாம் உடைத்துவிட்டார். விரலளவு இளவரசன் ஒட்டும் பந்தை உருட்டி, வழியில் கிடப்பதையெல்லாம் ஒட்டவைத்து, புது நட்சத்திரம் செய்ய வேண்டும். முதல் கட்டத்தில் மூன்று நிமிஷத்தில் பந்து 10 சென்டிமீட்டர் ஆக வேண்டும். கடைசியில் நிலாவைச் செய்ய 25 நிமிஷத்தில் 300 மீட்டர்.

இரண்டு ஸ்டிக்கையும் முன்னால் தள்ளினால் பந்து முன்னே போகும். ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். இரண்டையும் ஒருசேர உள்ளே அழுத்தினால் இளவரசன் பந்தின் மறுபக்கம் தாவுவான். மாற்றி மாற்றி வேகமாக ஆட்டினால் பாய்ச்சல். முதல் இருபது நிமிஷம் கைகள் சொன்னதைக் கேட்காது. அது எல்லோருக்கும் அப்படித்தான். பென்சில் மாதிரி நீளமான பொருள் ஒட்டினால் பந்து நொண்டும். பயப்பட வேண்டாம், சுற்றிலும் பொருள் சேரச் சேர உருண்டையாகிவிடும். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்வதுதான் நேரத்தைத் தின்னும். அங்கே தாவுகிற வித்தைதான் காப்பாற்றும். நடுவில் ராஜா பேச ஆரம்பித்தால் அவருடைய வசனம் திரையை மறைக்கும், அப்போது திருப்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டிருங்கள்.

முதலில் குண்டூசியும் அழிப்பானும்தான் ஒட்டும். எலி மோதினால் ஒட்டியது சிதறும். கொஞ்சம் வளர்ந்ததும் அதே எலி கால்களை உதைத்துக்கொண்டே பந்தோடு சுற்றும். உங்களை விரட்டிய பூனைக்கும் அந்தக் கதி வரும், பிறகு தெருவுக்கும். எண்ணைப் பார்க்காமலே எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று தெரிகிறதே, அதற்குத்தான் இந்தப் பழக்கப்பட்ட சின்னச் சின்னப் பொருள்கள் எல்லாம். இதில் அழகு அலங்காரம் இல்லை, அளவுகோல்.

பெருங்கரடி நட்சத்திரக் கூட்டத்தைச் செய்யும் கட்டத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. ஒரு கரடியை ஒட்டவைத்த நொடியில் கட்டம் முடிந்துவிடும், எவ்வளவு பெரிய கரடி என்பதுதான் மதிப்பெண். பந்து சின்னதாக இருக்கும்போது எங்கேயோ கிடக்கிற கையளவு கரடி பொம்மையை உரசினாலும் முடிந்தது கதை. எனவே ஓரமாகவே உருட்டுங்கள். கரடி பொம்மை கண்ணில் பட்டால் பாய்ச்சலை விட்டுவிட்டு மெதுவாக விலகிப் போங்கள். ஊரையே ஒட்டவைத்த பிறகு உண்மையான கரடியைத் தேடலாம்.