அம்மா வீட்டுக்கு வயர் இல்லாத இன்டர்நெட்

இந்த முறை ஊருக்குப் போனபோது ஒரே ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்: அம்மா வீட்டு இன்டர்நெட். தெருவில் யார் பள்ளம் தோண்டினாலும் கேபிள் அறுந்துவிடும். ஆள் வந்து பார்க்கவே நாலைந்து நாள். மற்ற நாட்களிலும் வீடியோ காலில் அம்மாவின் முகம் பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிடும். "கேக்குதாடா கண்ணு?" என்ற குரல் மட்டும் விட்டு விட்டு வரும்.

ஃபைபர் அந்தத் தெருவுக்கு வந்திருந்தால் யோசிக்காமல் அதைத்தான் போட்டிருப்பேன். வரவில்லை. அதனால் டவர் சிக்னலை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும் 5ஜி ரவுட்டர்.

வாங்குவதற்கு முன்னால், அந்த ரவுட்டரைத் தரும் நிறுவனத்தின் சிம்மைப் போனில் போட்டு அறை அறையாக நடந்து பார்த்தேன். டிவி பக்கத்தில் சிக்னல் மைனஸ் 110 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). மாடிப்படி திரும்பும் இடத்து ஜன்னலில் மைனஸ் 90. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இந்தக் கணக்கில் 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ஒரே வீடு, பத்து அடி தூரம்! 5ஜி பெரும்பாலும் ஓடும் உயர் அலைவரிசைகள் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது நிறையவே பலம் இழந்துவிடும். அதனால் ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

பகலில் மட்டும் சோதித்துவிட்டு முடிவெடுக்கவும் வேண்டாம். டவரை அந்தப் பகுதியில் இருக்கிற எல்லாப் போன்களோடும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போது டவுன்லோடு மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அப்லோடு 9 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. எனக்கு அது போதும். விளம்பரங்கள் டவுன்லோடைத்தான் பெரிதாகப் போடுகின்றன; அம்மாவின் முகம் என்னிடம் வருவதோ அங்கிருந்து மேலே போகும் அப்லோடில். தெளிவான வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம்.

'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் எவ்வளவு டேட்டாவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: இந்த இணைப்புகளில் பெரும்பாலும் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக வீட்டு இணைப்பை அடையும் முகவரி) கிடைக்காது. ஆப் வழியாகப் பார்க்கும் கேமரா என்றால் பிரச்சினை இல்லை.

கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் மாட்டினேன். கேபிளை உடனே நிறுத்தவில்லை. ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். ரவுட்டரை வைத்த ஜன்னலோரத்தில், 'இதை நகர்த்த வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பேசுகிறோம். ஒரே ஒரு நாள் படம் நின்றது. அம்மாவே ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள்.