பசித்த மீனும் பசியற்ற மீனும்: ஸ்பே ஆற்றில் ட்ரவுட்டா, சால்மனா?

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பழுப்பு ட்ரவுட்டும் அட்லாண்டிக் சால்மனும் பல இடங்களில் ஒரே மடுவில் கிடக்கின்றன. இரண்டையுமே அங்கே ஃப்ளை கொண்டு பிடிக்கிறார்கள். அதாவது, இறகும் விலங்கு மயிரும் நூலும் சுற்றி தூண்டில் முள்ளின் மேல் கட்டிய எடையற்ற போலிப் பூச்சியை, கனமான தூண்டில் நரம்பின் வீச்சால் தண்ணீருக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். ஒரு வாரம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆற்றுக்குச் செல்லும் ஒருவர் இந்த இரண்டில் எதைத் தேடிப் போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அளவையும் செலவையும் வைத்தே பதில் சொல்கிறார்கள். நான் அதை மீனின் வயிற்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ட்ரவுட் ஆற்றிலேயே தின்று வளரும் மீன். சால்மனோ கடலில் தின்று கொழுத்து, முட்டையிடுவதற்காக ஆற்றுக்குள் நுழைந்த பிறகு தீனியை அறவே நிறுத்திவிடும் மீன். கோலின் நீளம், வீசும் திசை, ஃப்ளையின் உருவம், நாள் முடிவில் நமக்குக் கிடைக்கும் அறிவு ஆகிய அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டைத் தொடர்ந்தே பிரிகின்றன.

ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மேற்கே மலைகளுக்கு இடையிலுள்ள சிறிய ஸ்பே ஏரியில் பிறந்து, ஏவிமோர், கிராண்டவுன், ஆபர்லவர், ஃபாக்கபர்ஸ் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடி மரே ஃபர்த் கடற்கழியில் கலக்கிறது. ஸ்காட்லாந்தின் பெரிய ஆறுகளுள் மிக விரைவாக ஓடுவது இதுவே. கெய்ர்ன்கார்ம் மலைகளின் பனி உருகி வருவதால் வசந்த காலம் முழுவதும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். உருண்டைக் கற்கள் நிறைந்த படுகையில் இடுப்பளவு நீரில் நிற்பது எளிதன்று. ஊன்றுகோலும் மிதவை அங்கியும் இல்லாமல் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், எந்த மீனைத் தேடிப் போனாலும்.

முதலில் ட்ரவுட். நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவற்றில் நிலைத்து நின்றது பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட். ஸ்பேயில் உள்ளது ஐரோப்பாவை இயல்பிடமாகக் கொண்ட பழுப்பு ட்ரவுட், சால்மனின் நெருங்கிய உறவு. கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை உள்ளவையே மிகுதி; ஒரு கிலோவைத் தாண்டினால் நல்ல மீன் என்பார்கள். அது ஒரு கல்லின் மறைவில், ஓட்டத்தின் விளிம்பில் இடம் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரும் பூச்சிகளை நாள் முழுவதும் தெரிந்தெடுத்துத் தின்கிறது. ஆகவே ட்ரவுட் பிடிப்பவருக்கு முதல் வேலை வீசுவதன்று, பார்ப்பது.

ஏப்ரல் மாதத்தில் நண்பகலை ஒட்டி, குளிர் சற்றே தணியும் வேளையில், மார்ச் பிரவுன் என்று அழைக்கப்படும் பூச்சி ஸ்பேயில் கூட்டமாக மேலெழும். மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது போல, சிறிது நேரம் நீர்ப்பரப்பெங்கும் சிறகுகள் தெரியும். பிறகு ஒன்றும் இராது. கற்களுக்கு அடியில் நிம்ஃப் எனப்படும் சிறகு விரியாத இளம் பருவத்தில் வாழ்ந்த பூச்சி, நீந்தி மேலே வந்து, தோலுரித்துச் சிறகு விரித்து, அது உலரும் வரை நீரின் மேல் மிதந்து செல்கிறது. ட்ரவுட் இந்தப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் அதைப் பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது. மீனின் மூக்கு நீருக்கு மேல் தெரிந்து, அது மறைந்த இடத்தில் ஒரு குமிழி எஞ்சினால், அது மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியை விழுங்கியிருக்கிறது. மிதக்கும் உலர் ஃப்ளையைக் கட்டலாம். முதுகும் வாலும் மட்டும் புரண்டு, மூக்கே தெரியாமல் போனால், அது பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே நிம்ஃபைத் தின்கிறது; அப்போது உலர் ஃப்ளை எத்தனை அழகாக மிதந்தாலும் பயனில்லை.

மீன் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்பதால், அதற்குப் பின்னால் நின்று, ஆற்றின் மேற்புறம் நோக்கி வீச வேண்டும். ஒன்பதடிக் கோல், எடை வரிசையில் நான்காம் அல்லது ஐந்தாம் எண் நரம்பு, நுனியில் 0.15 மில்லிமீட்டர் பருமனுள்ள இழை போதும். நமக்கும் மீனுக்கும் நடுவே ஓடும் வேகமான நீர் நரம்பை இழுத்தால், ஃப்ளை தன் இயல்பான போக்கிலிருந்து சிறிது விலகிச் சறுக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தச் சறுக்கல் மீனுக்குத் தெரியும். மேலே வந்து, ஃப்ளையின் அடியிலேயே சில கணம் பின்வாங்கி மிதந்து, வாய் திறவாமல் திரும்பிப் போகும். ஆனால் அந்த மறுப்பிலும் ஒரு செய்தி உண்டு. இழையை மெல்லியதாக்கு, நிற்கும் இடத்தை மாற்று, ஃப்ளையை ஓரளவு சிறிதாக்கு என்று அது சொல்கிறது. மாற்றிய பிறகு அதே மீன் எடுத்துக்கொண்டால், ஏன் எடுத்தது என்பதும் நமக்குத் தெரிகிறது.

சால்மனிடம் இப்படிப்பட்ட உரையாடல் இல்லை. பசியே இல்லாத மீன் ஏன் ஃப்ளையைக் கவ்வ வேண்டும்? குஞ்சுப் பருவத்தில் இதே ஆற்றில் இரண்டு மூன்று ஆண்டுகள் பூச்சி தின்று வளர்ந்த பழக்கம் மீண்டும் எழுகிறது என்கிறார்கள் சிலர். தன் இடத்துக்குள் நுழைந்த ஒன்றின் மீது எழும் சீற்றம் என்கிறார்கள் வேறு சிலர். முடிவான விடை இன்றுவரை இல்லை. எனவே சால்மன் ஃப்ளை எந்த உணவையும் அச்சாக ஒத்திருக்க வேண்டியதில்லை. ஸ்பேயின் பழைய ஃப்ளையான லேடி கேரலைன் முதல், இன்று எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும் கேஸ்கேட், வில்லி கன் வரை, அவற்றின் நிறத்தைவிட அளவும் அவை செல்லும் ஆழமும் வேகமுமே முக்கியம் என்பது அனுபவமுள்ளவர்களின் கருத்து. தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெரிய ஃப்ளையை அமிழும் நரம்பில் ஆழத்துக்கு அனுப்புவார்கள். அதற்கு மேலே போனால் மிதக்கும் நரம்பும் சிறிய ஃப்ளையும் போதும். இந்த இரண்டாவது வழியை, அண்டை ஆறான டீயின் கெய்ர்ன்டன் பகுதியில் ஆர்தர் உட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் செம்மைப்படுத்தினார். வீசிய நரம்பின் நடுப்பகுதியைக் கோல் நுனியால் தூக்கி ஓட்டத்தின் மேற்புறமாகப் போட்டு, ஃப்ளையின் வேகத்தைக் குறைக்கும் அவருடைய முறைதான் இன்றும் எல்லோரும் செய்வது.

சால்மன் பக்கத்தின் உண்மையான அழகு வீச்சில் இருக்கிறது. ஸ்பேயின் உயர்ந்த கரைகளிலும் மரங்களிலும் சிக்காமல் வீசுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றிலேயே உருவானது ஸ்பே வீச்சு. பதினான்கு பதினைந்தடி நீளமுள்ள கோலை இரு கைகளாலும் பிடித்து, நீரில் நீண்டு கிடக்கும் நரம்பை மெதுவாக உயர்த்தி, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். நரம்பின் நுனி மட்டும் நமக்குப் பக்கத்தில் தண்ணீரைத் தொட்டு நிற்க, மற்றது கோலுக்குப் பின்னே அரைவட்டமாக எழும். அந்தக் கணத்தில் கோலை முன்னோக்கிச் செலுத்தினால், பின்பக்கம் எதையும் தொடாமல் இருபது இருபத்தைந்து மீட்டர் நரம்பு ஆற்றின் குறுக்கே விரியும். பிறகு ஃப்ளை ஓட்டத்தின் குறுக்கே வளைந்து நம் கரைக்கு வரும்; ஓரிரு அடி கீழே நகர்ந்து மறுபடியும் வீச வேண்டும். மடுவின் தலை முதல் கடை வரை இதையே செய்துகொண்டு போவதில் ஒரு தாளம் உண்டு. அதில் மனம் தோயாதவர்கள் சால்மனைத் தேடிப் போகாமல் இருப்பதே நல்லது.

மீன் கவ்வும் கணத்திலும் இரண்டும் எதிரெதிர். ட்ரவுட் எடுத்தவுடன் கோலை உயர்த்தி முள்ளை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அது துப்பிவிடும். சால்மன் கவ்வும்போது கையை அசைக்காமல், பிடித்திருக்கும் தளர்ந்த நரம்பை விட்டுக்கொடுத்து, மீன் திரும்பிப் போய் எடை கையில் ஏறிய பிறகுதான் உயர்த்த வேண்டும். ட்ரவுட்டில் பழகிய கைக்கு இது மிகக் கடினம்; சால்மனைத் தவறவிடுபவர்களுள் நல்ல ட்ரவுட்காரர்கள் ஏராளம். ஆனால் ஏறிய பின் நிகழும் போராட்டத்துக்கு ட்ரவுட்டில் ஈடு கிடையாது. நான்கைந்து கிலோ எடையுள்ள, கடலிலிருந்து வந்து சில நாளே ஆன வெள்ளி மீன், ஸ்பேயின் ஓட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடுவதை அறிந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. பக்கத்து டெவரன் ஆற்றில் 1924-இல் மாரிசன் என்ற பெண்மணி 61 பவுண்டு, அதாவது 27 கிலோவுக்கும் மேற்பட்ட சால்மனை ஃப்ளையிலேயே பிடித்தார். அத்தகைய மீன்களின் கனவுதான் பலரை இன்றும் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைக்கிறது.

அந்தக் கனவை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும், கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு என் பரிந்துரை ட்ரவுட்தான். சால்மன் கிடைப்பது முதலாவதாக அன்று மடுவில் மீன் இருக்கிறதா என்பதையும், இரண்டாவதாக மழை வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்கும் நேரம் நமக்கு வாய்க்கிறதா என்பதையும் பொறுத்தது. குறையில்லாமல் ஒரு வாரம் வீசியும் ஒரு தொடுகைகூட இன்றித் திரும்புவது அங்கே சாதாரணம். அப்போது தவறு எங்கே என்று அறிய வழியில்லை, தவறே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

செலவிலும் இடைவெளி பெரிது. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து தனியே பிரித்து விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. ஆற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இத்தனை கோல்கள் என்று வரையறுத்து, கில்லி எனப்படும் ஆற்று வழிகாட்டியையும் சேர்த்து வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல துண்டுகளில் நல்ல வாரங்கள் ஆண்டுதோறும் வரும் பழைய வாடிக்கையாளர்களிடமே இருக்கும். ஆனால் கிராண்டவுன், போட் ஆஃப் கார்ட்டன் போன்ற ஊர்களின் சங்கங்கள் தங்கள் வசமுள்ள நீரில் வெளியூராருக்கும் அனுமதிச் சீட்டு தருகின்றன. ஸ்பேயின் அருமைகளுள் ஒன்றாக இதைக் கருதுகிறேன். காலமும் சட்டமும் வேறு. ஸ்பேயில் சால்மன் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. பழுப்பு ட்ரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மனுக்குத் தூண்டில் போடுவது ஸ்காட்லாந்து முழுவதும் சட்டப்படி தடை. ட்ரவுட்டுக்குப் பொதுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அந்தந்தச் சங்கத்தின் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது தேர்வாகக் கடல் ட்ரவுட் இருக்கிறது. பழுப்பு ட்ரவுட்டின் இனமேதான். கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்புவது. பகலில் மிகவும் மிரளும் என்பதால் ஜூன், ஜூலை இரவுகளில் பிடிக்கிறார்கள். அந்த வடக்கில் ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும். அதற்குப் பிறகும் நெடுநேரம் வெளிச்சம் இருக்கும். பகலில் மடுவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் இருட்டில் இறங்குவது ஆபத்து என்பதால், முதல் முறை செல்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஒப்பீட்டில் மிகவும் கனமானதாக எனக்குத் தோன்றுவது சால்மனின் இன்றைய நிலை. 2023-இல் ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களின் எண்ணிக்கை, 1952-இல் பதிவுகள் தொடங்கிய பிறகு கண்ட மிகக் குறைந்த அளவு. அதே ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. கடலில் உயிர் பிழைத்துத் திரும்புபவை குறைந்துவிட்டன, ஆறுகளும் வெம்மையடைகின்றன. ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மனைக் கொல்வது ஸ்காட்லாந்தில் சட்டவிரோதம். அதன் பிறகு பிடிபடுபவற்றிலும் மிகப் பெரும்பாலானவற்றை மக்கள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். எதிர்முள் இல்லாத முள், முடிச்சற்ற வலை, மீனை நீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றுவது ஆகியவற்றை நான் விருப்பமாக அல்ல, கடமையாகவே பார்க்கிறேன். நீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால் சால்மனாயினும் ட்ரவுட்டாயினும் கோலை மடித்துவிட வேண்டும். களைத்த மீன் விட்ட பிறகும் இறந்துபோகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்பேயின் அடியில் நன்னீர் முத்துச்சிப்பிகள் வாழ்கின்றன. அவற்றின் குஞ்சுகள் முதல் சில மாதங்களை இளம் சால்மன், ட்ரவுட் ஆகியவற்றின் செவுள்களில் ஒட்டிக்கொண்டுதான் கழிக்கின்றன. இந்த மீன்கள் குறைந்தால் சிப்பியும் குறையும். ஆகையால் சரளைப் படுகையில் தேவையின்றி நடந்து மிதிக்காமல் இருப்பதும் இந்தப் பிடிப்பின் ஒழுங்கில் சேரும்.

இத்தனையும் கருதி, ஒரு வாரத்துக்குச் செல்பவருக்கு நான் சொல்வது இது. மே இறுதி முதல் ஜூன் நடு வரை உள்ள நாட்களைத் தேர்ந்தெடுத்து, கிராண்டவுனைச் சுற்றித் தங்குங்கள். மாலை ஏழு மணிக்கு மேல், காற்று அடங்கிய பின், ஐந்தாம் எண் கோலுடன் ட்ரவுட்டுக்குச் செல்லுங்கள். சிறிய ஆலிவ் நிறப் பூச்சிகள் எழுவதும், முட்டையிட்டு முடித்தவை சிறகு பரப்பி வீழ்வதும் அப்போதுதான். வாரத்தின் நடுவில் ஒரு நாளை மட்டும் சால்மனுக்கு ஒதுக்கி, ஒரு கில்லியையோ பயிற்சியாளரையோ அமர்த்தி, ஸ்பே வீச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கோல் கிடைக்கும், வாங்க வேண்டாம். அன்று மீன் படாவிட்டாலும் வீச்சு கையில் வந்திருக்கும். முன்னிரவு மழை பெய்து, காலையில் நீர் வடியத் தொடங்கியிருந்தால், வைத்த திட்டத்தை மாற்றி அந்த நாளையே சால்மனுக்குக் கொடுத்துவிடுங்கள்.