வேகமாக வளரும் நாடா, மலிவாகக் கிடைக்கும் சந்தையா?

'பொருளாதாரம் 8 சதவீதம் வளர்கிறது. அந்த நாட்டுப் பங்குகளில் போட்டால் நம் பணமும் அதே வேகத்தில் வளரும்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் வருமானம் வேறு, நம் கையில் இருக்கும் ஒரு பங்கின் லாபம் வேறு.

2007 அக்டோபரில் சீனாவின் ஷாங்காய் காம்போசிட் பங்குக் குறியீடு 6,000 புள்ளிகளைத் தாண்டியது. அதன்பின் 2024 வரை சீனப் பொருளாதாரம் டாலர் கணக்கில் ஐந்து மடங்கானது. குறியீடோ 2024 முடிவில் 3,400-ஐக்கூடத் தொடவில்லை. அதே காலத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆனது. ஆனால் அங்குள்ள பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 மூன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

காரணம் இரண்டு. முதலாவது, வாங்கிய விலை. 2007 உச்சத்தில் ஷாங்காயின் பி.இ. விகிதம், அதாவது பங்கின் விலை அதன் ஓராண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு, 40-க்கும் மேல். அந்த நவம்பரில் 16.7 யுவானுக்கு வெளியான சீன எண்ணெய் நிறுவனம் பெட்ரோசைனாவின் பங்கு முதல் நாளே 40 யுவானைத் தாண்டியது. 2024 முடிவில் அது 10 யுவானுக்கும் கீழே. இரண்டாவது காரணம் பலர் கண்ணில் படாதது: வேகமாக வளரும் நாட்டில் கம்பெனிகள் ஓயாமல் புதுப் பங்குகளை வெளியிடும். மொத்த லாபம் பெருகும், ஆனால் அதைப் பிரித்துக்கொள்ள வரும் கைகளும் பெருகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சந்தை 'அ': கம்பெனிகளின் மொத்த லாபம் ஆண்டுக்கு 9% வளர்கிறது, பங்குகளின் எண்ணிக்கை 4% கூடுகிறது, ஈவுத்தொகை 1.5%. பத்து ஆண்டில் பி.இ. 25-லிருந்து 15-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 5% போய்விடும். தோராயமாக மிஞ்சுவது 1.5%. சந்தை 'ஆ': லாப வளர்ச்சி 4%, பைபேக்கால் (கம்பெனியே தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதால்) பங்குகள் 1% குறைகின்றன, ஈவுத்தொகை 3%, பி.இ. அசையாமல் 13. கிடைப்பது சுமார் 8%. 'அ'வில் பி.இ. இறங்கவே இல்லை என்று வைத்தாலும் 6.5%தான்.

அதற்காக, மெதுவாக வளரும் நாடு என்றாலே பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் 38,915-ல் முடிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. அங்கும் குற்றவாளி விலைதான்.

ஆகவே ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி) வளர்ச்சிச் செய்தியைப் படித்துவிட்டு வாங்குவதற்கு முன் மூன்று எண்களைத் தேடுங்கள்: குறியீட்டின் பங்கு ஒன்றுக்கான லாபம் பத்து ஆண்டில் எவ்வளவு வளர்ந்தது, இன்றைய பி.இ. அதன் சொந்த நீண்டகாலச் சராசரியைவிட எவ்வளவு மேலே, குறியீட்டில் முதல் பத்து கம்பெனிகளின் எடை எத்தனை சதவீதம். முதல் எண் ஜிடிபி வளர்ச்சியைவிட மிகக் குறைவாக இருந்தால் புதுப் பங்குகளால் லாபம் நீர்த்துப்போகிறது என்று சந்தேகப்படலாம். வெளிநாட்டுச் சந்தை என்றால் நாணயத்தையும் சேருங்கள்: 5% லாபத்தில் 3% நாணயச் சரிவு போனால் கையில் 2%கூட முழுசாக நிற்காது.

எங்கள் தேர்வு: அடித்தளமாகப் பரவலான உலக இண்டெக்ஸ் ஃபண்ட் (ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி), வேகமாக வளரும் ஒற்றை நாட்டுக்கு மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அந்த 10 சதவீதம் 15 சதவீதமாக வீங்கினால் விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். செய்தி நன்றாக இருக்கும் நாளில்தான் விற்க வேண்டியிருக்கும் என்பதால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் உலக ஃபண்ட், ஒற்றை நாடு இரண்டிலுமே இருக்கக் கூடாது. 2020-ல் எஸ் அண்ட் பி 500 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை 34% சரிந்து, ஆகஸ்டில் மீண்டது. மார்ச்சில் ஏதோ ஒரு கட்டணம் கட்டுவதற்காக விற்றவருக்கு அந்த ஆகஸ்ட் வரவே இல்லை.