இரண்டு சிலிண்டர் ஏற்றும் வெல்டிங் வண்டி: கல்லடியில் நாலரை வருட அனுபவம்

2021 தை மாதம் என் வெல்டிங் மெசின் வண்டியை வெட்டி, பெரிய காஸ் சிலிண்டர் இரண்டு நிற்கிற மாதிரி மாற்றத் தொடங்கி, கடைசியில் புதிதாகவே கட்டினேன். நாலரை வருடம் ஓடிவிட்டது. இடையில் இரண்டு தரம் திருத்தியும் இருக்கிறேன். வண்டியைப் பார்க்கிற தொழில்காரர் பலர் அளவு கேட்கிறார்கள். அளவை மட்டும் கொடுத்தால் நான் முதலில் விட்ட பிழையையே அவர்களும் விடுவார்கள். அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

என் பட்டறை மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. கேற், கிரில், கூரைச் சட்டம் எல்லாம் கம்பி தானாக வந்து உருகி ஒட்டுகிற மிக் மெசினில் ஒட்டுகிறேன், அதற்கு சீ.ஓ.டூ (காபனீரொட்சைட்டு) காஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படிக்கட்டுக் கைபிடிக்கு டங்ஸ்டன் முனையால் ஆர்க் அடிக்கிற டிக் மெசின், அதற்கு ஆர்கன் காஸ். இப்போது கட்டுகிற வீடுகளில் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகத்தான் வருகின்றன. மெசினோடு வந்த வண்டியில் ஒரு சிலிண்டருக்குத்தான் இடம். மற்றதைத் தனியாகச் சுவரில் சாத்தி, கயிற்றால் கட்டி வைத்துத்தான் வேலை செய்தோம். அப்படிச் செய்த காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம் வரும்.

இன்னொரு காரணம் கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆடி முடியும்வரை மத்தியானத்தில் அது அடிக்கிற அடி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் காற்று அடித்தாலே ஒட்டுக்கு மேலே நின்று வெளிக்காற்றுப் படாமல் காக்க வேண்டிய காஸைக் கலைத்துவிடும். ஒட்டு முழுக்க ஊசி குத்தினது போல ஓட்டை விழும். தறப்பாள் கட்டி மறைத்தாலும் காஸைக் கொஞ்சம் கூட்டித்தான் விட வேண்டியிருக்கும். 47 லீற்றர் ஆர்கன் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 7,000 லீற்றர் காஸ். நிமிடத்துக்கு 12 லீற்றர் விட்டால் ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். 18 விட்டால் ஆறரை மணித்தியாலம்தான். கச்சான் காலத்தில் கைவசம் கூடுதல் சிலிண்டர் வேண்டும் என்பது இந்தக் கணக்கில் இருந்துதான் வந்தது.

முதல் தடவை நான் செய்தது எல்லாரும் செய்கிற வேலைதான். இருந்த தட்டுக்குப் பின்னால் ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) இன்னொரு தட்டை ஒட்டி நீட்டினேன். ஒட்டு நல்ல ஒட்டு, தட்டு அசையவே இல்லை. ஆனால் நாவற்குடாவில் ஒரு வீட்டு வாசலில் மிக் மெசினைக் கழற்றி இறக்கிய உடனே முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பிவிட்டது. கூட நின்ற பொடியன் "அண்ணே, சாயுது, பிடியுங்க!" என்று கத்தினான். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துப் பிடித்தோம். வெறும் சிலிண்டரே 60 கிலோ அளவில் வரும். ஆர்கன் நிரம்பினால் இன்னும் 12 கிலோ, சீ.ஓ.டூ என்றால் 30 கிலோ. பின்பக்கம் 160 கிலோவுக்கு மேல், முன்பக்கம் மெசின் இரண்டும் சேர்த்து 47 கிலோ. அதிலும் பெரிய மெசினைத் தூக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? பின்சில்லுகள் சுற்றுகிற அச்சோ முதல் சிலிண்டருக்குக் கீழே. இரண்டாவது சிலிண்டர் அச்சுக்கு வெளியே தொங்குகிறது. வண்டி சாயாமல் என்ன செய்யும்!

அடுத்த நாள் காத்தான்குடியில் லேத் (கடைசல் மெசின்) வைத்திருக்கிற காக்கா ஒருவரிடம் போனேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடத்துக்கு மேல் டிரெயிலர் அச்சுக் கடைந்தவர். நான் தட்டை வரைந்து கொண்டுபோன தாளைப் பார்த்துவிட்டு, "சிலிண்டர எங்க வெக்கிற எண்டு பிறகு பாப்பம் தம்பி. அச்சு எங்க வருது எண்டு முதல்ல சொல்லுங்க" என்றார். பழைய வண்டியைத் திருத்துகிற எண்ணத்தை அங்கேயே விட்டேன். அச்சை வைத்துத்தான் மற்றதெல்லாம் என்று முடிவெடுத்துப் புதிதாகக் கட்டினோம்.

சிலிண்டர்களை முன்னும் பின்னுமாக வைக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு சிலிண்டரின் குறுக்களவு 23 சென்ரிமீற்றர். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தட்டு 56 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழம். நிலத்தில் இருந்து உயரம் 6 சென்ரிமீற்றர்தான். தட்டு எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி சாயாது, சிலிண்டரைத் தூக்கி வைக்கவும் தேவையில்லை, உருட்டி ஏற்றிவிடலாம். ஆனால் சில்லு 16 அங்குலம் என்பதால் அச்சு 20 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும். ஒரே நீள அச்சுப் போட்டால் அது சிலிண்டருக்குள் குத்தும். அதற்காகத்தான் காக்கா இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் துண்டு அச்சு, 25 மில்லிமீற்றர் தடிப்பில் கடைந்து தந்தார். அதைப் பக்கச் சட்டத்தில் முக்கோணத் தகடு வைத்து ஒட்டினேன். இந்த வேலை நடக்கும்போது மெசின்களை வண்டியில் இருந்து இறக்கி வயரையும் கழற்றி வைத்தேன். மெசின் மேலே இருக்க வண்டியை ஒட்டினால் கரண்ட் உள்ளே போய் மெசினின் சர்க்கிட் கார்ட்டைக் கெடுத்துவிடும்.

சில்லு பற்றியும் சொல்ல வேண்டும். முன்னுக்கு 4 அங்குலச் சுழல் சில்லுகளைப் போட்டிருந்தேன். சீமெந்துத் தரையில் வெண்ணெய் போல ஓடியது. நாவலடிப் பக்கம் மணலில் அவை முழுக்கப் புதைந்தன. 8 அங்குலமாக மாற்றிய பிறகுதான் தள்ள முடிந்தது. பின்னுக்கு சீமெந்து தள்ளுகிற கைவண்டியின் காற்றுச் சில்லு. மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சில்லு பரந்து மேலே மிதக்கிற மாதிரி நிற்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று பஞ்சர் வரத்தான் செய்யும், ஆனாலும் நான் கட்டிச் சில்லுக்கு மாறவில்லை.

முதல் திருத்தம் ஆறாம் மாதத்தில். அச்சைச் சிலிண்டரின் நடுக்கோட்டில் இருந்து 4 சென்ரிமீற்றர் மட்டும் பின்னால் வைத்திருந்தேன். சம தரையில் ஒரு குறையும் இல்லை. வீட்டு வாசல் ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகத் தூக்கியது. வெட்டி 9 சென்ரிமீற்றர் ஆக்கினேன், அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் ஏற்றத்தில் தள்ளும்போது சிலிண்டர்ப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பித்தான் ஏற்றுகிறோம். சின்னப் பட்டா லொறியில் ஏற்றும்போது சிலிண்டரைக் கழற்றி, ரெகுலேட்டரை எடுத்து, மூடியைத் திருகித் தனியாகத்தான் ஏற்றுவோம். பலகைச் சரிவில் சிலிண்டரோடு வண்டியைத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டாவது திருத்தத்துக்குக் காரணம் ஒரு சின்னத் தழும்பு. 2023 மாசியில் ஒரு நாள், டிக் மெசினின் டோர்ச்சை (கையில் பிடித்து ஒட்டுகிற முனையை) வைக்க இடமில்லாமல் என் உதவியாள் அதை ஆர்கன் சிலிண்டரின் கழுத்தில் மாட்டிவிட்டான். இருந்த ஒரு கொக்கியில் மிக் வயர் தொங்கியது. பிழை அவனுடையது இல்லை, அவனுக்கு இடம் செய்து வைக்காத என்னுடையது. டோர்ச் சுவிட்ச் எங்கேயோ அழுந்தி 'சட்' என்று ஒரு ஆர்க், மின்பொறி. ஓடிப்போய் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சிலிண்டரின் தோளுக்குக் கீழே பெயின்ட் கருகி, நடுவில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு பள்ளம். விரலால் தடவினால் விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இடம் சூடாகி நொடியில் குளிர்ந்ததால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வெடிப்பு அங்கே இருந்து தொடங்கலாம். உள்ளே இருப்பது 150 பார். அன்றே வேலையை நிறுத்தி, தழும்பைச் சுற்றிச் சோக்கால் வட்டம் போட்டு, வாங்கின இடத்தில் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தேன். சிலிண்டருக்கான பணத்தையும் நானே கட்டினேன். பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுத்திருந்தால் அது இன்னொரு பட்டறைக்குப் போயிருக்கும்.

அந்தக் கிழமையே சிலிண்டருக்கும் மெசினுக்கும் நடுவில் தடித்த பிளைவுட் தடுப்பு ஒன்று வைத்தேன். டோர்ச், ஹோல்டர், ஏர்த் கிளாம்ப் மூன்றுக்கும் மூன்று கொக்கி, மூன்றும் வண்டியின் முன்பக்கத்தில். தட்டின் மேல் அரிசி ஆலையில் கழித்த பெல்ட் துண்டுகள். சங்கிலி இரண்டு, சிலிண்டரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒன்று. சங்கிலிக்குப் பழைய ஹோஸ் குழாய் உறை. ஆரம்பத்தில் லொறிச் சாமான் கட்டுகிற நைலோன் பட்டிதான் கட்டியிருந்தேன். மூன்று மாதத்தில் தீப்பொறி விழுந்து பாதி உருகியிருந்தது.

ஹோஸ் மாறுகிற பிரச்சினையும் வந்தது. என்னிடம் உள்ள சீ.ஓ.டூ சிலிண்டரின் வாய்ப் புரியும் ஆர்கன் சிலிண்டரின் வாய்ப் புரியும் வேறு, ரெகுலேட்டர் மாறாது. ஹோஸ் மாறும். ஒரு நாள் டிக் மெசினுக்கு சீ.ஓ.டூ போய், டங்ஸ்டன் முனை கருகிக் காளான் மாதிரி வந்தது. இப்போது ஆர்கன் ஹோஸின் இரண்டு முனையிலும் மஞ்சள் டேப், மற்றதில் கறுப்பு.

சீ.ஓ.டூ சிலிண்டரின் மீற்றரைப் பார்த்து காஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், திரவம் முடிந்ததும் கடகடவென்று இறங்கும். நெல் மூட்டை நிறுக்கிற தொங்கு தராசில் சிலிண்டரைக் கட்டித் தூக்கி, தோளில் அடித்திருக்கும் வெற்று நிறையைக் கழித்துப் பார்க்கிறேன். திங்கட்கிழமை காலையில் அதைச் செய்தால் அந்தக் கிழமைக்கு நிம்மதி. இன்னொன்று, 31 பாகைக்கு மேலே சீ.ஓ.டூ திரவமாக நிற்காது, உள்ளே அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். மட்டக்களப்பில் சித்திரை வெயிலில் 31 பாகை என்பது காலை பத்து மணிக்கே வந்துவிடும். வண்டி எப்போதும் நிழலில்தான் நிற்க வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் சாக்கை நனைத்துப் போடுகிறோம்.

2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில் இந்த வண்டி கைகொடுத்தது. கரண்ட் வருகிற நேரத்தில் சிலிண்டர் மாற்றி நிற்காமல் வேலையை முடிக்க முடிந்தது. டீசல் இல்லாமல் காஸ் லொறி பிந்தின கிழமைகளில் கூடுதல் சிலிண்டர்தான் எங்களை ஓட்டியது.

துருதான் இன்றுவரை தீராத சண்டை. 1924 இல் கட்டின கல்லடிப் பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருந்தும் முதல் மாரியில் தட்டில் தண்ணீர் தேங்கி, சிலிண்டர் அடியில் துரு வளையம் விழுந்தது. தட்டில் 12 மில்லிமீற்றரில் பதினாறு துளை போட்டேன், பெல்ட் துண்டுகளையும் இடைவெளி விட்டு வைத்தேன். ஐப்பசியில் மழைக்கு முன்னர் உரசி, துரு தடுக்கிற ரெட் ஒக்சைட் பெயின்ட் இரண்டு கை, மேலே எனாமல் ஒரு கை. இதை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

சில்லு, அச்சு, பெயாரிங், இரும்பு, சங்கிலி, பெயின்ட் என்று திருத்தங்களோடு சேர்த்து எனக்கு 34,000 ரூபா அளவில் முடிந்தது. என் கூலியை அதில் சேர்க்கவில்லை.

அக்கரைப்பற்றில் இருந்து வந்த ஒரு தம்பி, ஒக்சிஜனும் அசெட்டிலீனும் சேர்த்து நாலு சிலிண்டர் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தீப்பிடிக்கிற காஸான அசெட்டிலீனை ஆர்க் அடிக்கிற வண்டியில், தீப்பொறிக்குப் பக்கத்தில் நிறுத்துகிற துணிவு எனக்கு இல்லை, அவருக்கும் வரக் கூடாது. அந்தச் சோடிக்கு நான் தனி வண்டி வைத்திருக்கிறேன், வேலை நடக்கிற இடத்தில் இருந்து தள்ளித்தான் நிற்கும்.

இப்போது இடப்பக்கப் பெயாரிங்கில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. சிறுபோக அறுவடையில் நெல் வெட்டுகிற மெசின்களின் உடைவு வேலை தொடங்க முதல் அதை மாற்ற வேண்டும். காக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.