கானாடுகாத்தான் காலை நடை: பங்களாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

செட்டிநாடு என்றால் பெரிய வீடு, ஆத்தங்குடிக் கல், கோழி வறுவல், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் காலை நடையைக் கண்டிப்பாகச் சொல்வேன். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். அங்கே தங்காதவர்களும் சேர்ந்துகொள்ளலாம், வெயில் ஏறுவதற்குள் ஊரைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவந்துவிடுகிறார்கள். காரைக்குடியில் ஒரு நல்ல அசைவச் சாப்பாட்டுக்கு ஆகிற காசுதான், காலைப் பலகாரமும் அதிலேயே அடக்கம்.

கூட்டிப்போகிற அண்ணன் உள்ளூர்க்காரர். முதலில் அவர் போவது அரண்மனைக்கு இல்லை, ஊருணிக்கு. எனக்கு இந்த நடை பிடித்துப்போனது அங்கேதான். "செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க தம்பி, இது குடிதண்ணி ஊருணியா இருந்தது" என்றார். அப்புறம் தண்ணீர் வந்து விழுகிற இடத்தைக் காட்டி, வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடக்க வைத்தார். வாய்க்கால் தெரு ஓரத்துக்கு வருகிறது, தெருவிலிருந்து ஒரு வீட்டுச் சுவரின் கீழே இருக்கிற துவாரத்துக்கு, அதன் வழியே உள்ளே போனால் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம். வளவைச் சுற்றி ஓட்டுக் கூரை உள்பக்கம் சரிந்திருக்கிறது, மழை பெய்தால் அண்டாவில் பிடித்தது போக மிச்சம் அந்த வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக வீடுகள் நீண்டு கிடப்பதையும், தெருக்கள் கோடு போட்டது போல நேராக ஓடுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அதற்குள் தண்ணீர்க் கணக்கு இப்படி ஓடுகிறது என்று ஒருவர் நடந்து காட்டினால்தான் மனதில் பதிகிறது. ஆறு இல்லாத ஊர், வானம் பார்த்த பூமி, ஐப்பசி கார்த்திகை மழையை விட்டால் வேறு வழி கிடையாது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் காசு கொடுத்தால் கப்பலில் வரும், தண்ணீர் வராதே!

ஊரைத் தாண்டினால் செம்மண், பனை, கண்மாய்க் கரை, அய்யனார் கோயில் மண்குதிரைகள். மண்குதிரைகளை அய்யனாருக்கு நேர்ந்து எடுத்துவரும் புரவி எடுப்பைப் பற்றி அண்ணன் விவரமாகச் சொன்னார். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதையும் மறைக்காமல் காட்டினார், அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

எங்களோடு வந்த இங்கிலாந்துக்காரத் தம்பதி காட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர்கள். அந்தப் பகுதி வீடுகளுக்குக் காலடியில் கிடைக்கிற சுண்ணாம்புக்கல்தான் சுவர், பல வீடுகளுக்குக் கூரையும் அதே கல்தான், அதனால் ஊரே தேன் நிறத்தில் நிலத்தோடு சேர்ந்து நிற்கும். வயல்களைப் பிரிப்பது உயிர்வேலியும் கல் அடுக்கிய சுவரும், நடுவே யார் வேண்டுமானாலும் நடந்துபோகச் சட்டப்படி உரிமை உள்ள ஒற்றையடிப் பாதைகள். வில்ட்ஷயரில் லேக்காக் என்ற கிராமத்தின் பெரும்பகுதி 1944 முதல் பழமையைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது. தனிக் கட்டடமாக இல்லாமல் ஒரு பகுதியின் தோற்றத்தையே காப்பதற்கு 1967இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. "இங்கே இந்தத் தெருவை யார் பாதுகாக்கிறார்கள்?" என்று அந்த அம்மா கேட்டபோது, அண்ணன், "வீட்டுக்காரங்கதான், முடிஞ்ச வரைக்கும்" என்றார். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, சரி, ஆனால் பட்டியல் ஓடு மாற்றித் தராது. பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியப்பட்ட வீடு பூட்டியே கிடக்கும், ஒரு மழையில் உத்தரம் இறங்கும், பிறகு தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தனித்தனியாக விலைக்கு நிற்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தெரு முழுவதையும் ஒன்றாகக் காக்கிற ஏற்பாடு நமக்கும் வேண்டும், ஊருணியும் வரத்துக்காலும் அதில் கட்டாயம் சேர வேண்டும்.

வீட்டுக்குள் பார்ப்பது குறைவுதான், ஒரே ஒரு வீடு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள், இன்றும் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கிறது. எனக்கு அது போதும். வீடுகளுக்காகவே வருகிறவர்களுக்குப் போதாது.

பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம். ஆச்சி ஒருவர் பக்கத்தில் நின்று செய்முறையைச் சொன்னார்: உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், அது கொள்கிற அளவுதான் உளுந்து. மாவை ஒரு கரண்டி எண்ணெயில் விட்டால் தானே மேலே எழும்பி வர வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். ஓரம் சிவக்காமல் வெள்ளையாக வந்தது, வரமிளகாய்ச் சட்னி நல்ல காரம்.

குறை என்றால் மாலையில் இதே விடுதி நடத்துகிற கார்ச் சுற்றுலா. ஓட்டுநர் வாசலில் நிறுத்துகிறார், போட்டோ எடுக்கச் சொல்கிறார், அடுத்த வாசலுக்குப் போகிறார். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, விலையோ காலை நடையைவிடப் பல மடங்கு. வேண்டவே வேண்டாம்.

போவதானால் மார்கழி, தையில் போங்கள், ஊருணியில் தண்ணீர் நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் படியில் இறங்காமல் மேலேயே நிற்கலாம், அவசரப்படுத்துவதில்லை. கூட்டம் அதிகமானால் கண்மாய்ப் பக்கம் போகாமல் சுருக்கிவிடுகிறார்களாம், அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கண்மாய் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.